தி.நகரைக் கடைத்தெரு ஆக்கியது யார்?

தி.நகர் பற்றிப் பேச்சு வந்தால் அங்கே பிறந்து வளர்ந்த பெரியவர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடுவார்கள். மரமும் தோட்டமுமாக வீடுகள் இருந்தன, தெருவில் பிள்ளைகள் விளையாடினார்கள், அப்புறம் கடைக்காரர்கள் வந்து ஊரையே கெடுத்துவிட்டார்கள் என்பார்கள். இதில் பாதிதான் உண்மை. தி.நகரின் வரைபடத்தை ஒருமுறை விரித்து வைத்துப் பாருங்கள். மேற்கே ரயில் நிலையம், கிழக்கே மவுண்ட் ரோடு, நடுவில் ஒரு பூங்கா, அந்தப் பூங்காவில் வந்து கூடும் அகலமான சாலைகள். சந்தை கூடுவதற்கு இதைவிடத் தோதான இடத்தை வியாபாரிகளே கேட்டு வாங்கியிருக்க முடியாது.

1920-களில் இந்தப் பேட்டையை வரைந்தவர்கள் முன்யோசனையோடு வரைந்தார்கள். கோளாறு அதற்குப் பிறகுதான். அடுத்த நூறு ஆண்டுகளில் இங்கே முதலில் கட்டடம் எழும்பியது, விதி அதன் பின்னால் ஓடி வந்தது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த ஓட்டத்தைப் பற்றியது.

ஏரி இருந்த காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் நகரத்துக்கு மேற்கே எல்லைபோல ஒரு நீண்ட ஏரி கிடந்தது. வடக்கே நுங்கம்பாக்கம், தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் என்று பிறை வடிவில் நீண்டிருந்ததால் ஆங்கிலேயர் அதை லாங் டேங்க் என்றார்கள். வடபகுதி நுங்கம்பாக்கம் ஏரி, தென்பகுதி மயிலாப்பூர் ஏரி. மதராஸ் போட் கிளப்காரர்கள் இதில் படகுப் போட்டி நடத்தியதும் உண்டு. ஏரிக்கு அந்தப் பக்கம் மாம்பலம், புலியூர், கோடம்பாக்கம் என்று கிராமங்கள்.

முதல் உலகப்போர் முடிந்தபோது ஜார்ஜ் டவுனும் திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் நிரம்பி வழிந்தன. படித்து உத்தியோகத்துக்கு வந்தவர்களுக்கு வீடு இல்லை. பேட்ரிக் கெடிஸ், லான்செஸ்டர் போன்ற நகரமைப்பு வல்லுநர்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மதராஸுக்கு வந்து போயிருந்தார்கள். தோட்ட நகரம் என்ற எண்ணம் அதிகாரிகள் மத்தியில் பரவியிருந்த நேரம். 1920-ல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நடந்த தேர்தலில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. கையில் புதுச் சட்டம், புது ஆட்சி, நகரத்தை ஒட்டி ஒரு ஏரி. 1923-25 காலகட்டத்தில் ஏரியின் மாம்பலம் பகுதி வடிக்கப்பட்டு மனைகளாக மாறியது.

ஏரியின் வடக்குத் துண்டு மெல்ல மெல்லக் கரைந்தது. வள்ளுவர் கோட்டம் 1976-ல் திறக்கப்பட்டது அந்தப் படுகையின் மீதுதான். இன்று நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்டு ரோடு, லேக் ஏரியா, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பெயர்கள் மட்டும் மிச்சம்.

ஏரியை வடித்தது தவறு என்று இன்று சொல்வது எளிது. அன்றைக்கு அது கொசு வளர்க்கும் தேங்கிய நீர், வீட்டுக்கு ஏங்கும் நகரம் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் விட்டுப்போனது ஒன்றே ஒன்று: ஏரி போனாலும் மழைநீர் அதே பள்ளத்தைத்தான் தேடி வரும். அதைப் பின்னால் பார்ப்போம்.

தெருவெல்லாம் ஒரு கட்சி

புதிய பேட்டைக்குத் தியாகராய நகர் என்று பெயர் வைத்தார்கள். பிட்டி தியாகராயச் செட்டியார் நீதிக்கட்சியின் நிறுவனர்களில் ஒருவர், மதராஸ் மாநகராட்சியின் தலைவராக இருந்தவர், 1925-ல் மறைந்தார். நடுப் பூங்காவுக்கு, 1921 முதல் 1926 வரை முதல் மந்திரியாக இருந்த பனகல் அரசரின் பெயர். அவர் சிலை இன்றும் உள்ளே இருக்கிறது, பட்டுப்புடவைக் கடைகளைப் பார்த்தபடி. டாக்டர் டி.எம். நாயர், டாக்டர் நடேசன், தணிகாசலம், உஸ்மான், ஜி.என். செட்டி என்று தெருத்தெருவாக அந்தக் காலத்து அரசியல் புள்ளிகள். போக், பர்கிட் என்று வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் இடம் கிடைத்தது. ஒரு கட்சி தன் வரலாற்றைத் தெருப்பலகையில் இவ்வளவு முழுமையாக எழுதிவைத்த பேட்டை தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பட்டங்களை நீக்கியபோது ஜி.என். செட்டி ரோடு அரசாங்கப் பலகையில் ஜி.என். சாலை ஆனது. மக்கள் வாயில் இன்றும் பழைய பெயர்தான்.

வேடிக்கை என்னவென்றால், பிராமணரல்லாதார் இயக்கத்தின் தலைவர்கள் பெயர் தாங்கிய இந்தத் தெருக்களில் மனை வாங்கிக் குடியேறியவர்களில் கணிசமானவர்கள் வக்கீல், ஆடிட்டர், அரசு உத்தியோகம் என்று இருந்த பிராமணக் குடும்பங்கள். தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் நிலத்தை விற்றுவிட்டு அல்லது குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்துக்கு வந்தவர்கள். கூடவே தெலுங்கு வணிகக் குடும்பங்கள், ஜமீன்தார்கள், டாக்டர்கள். பணம் இருந்தால் மனை கிடைத்தது. பழைய அக்கிரகாரம்போல ஒரு தெருவில் ஒரே சாதி என்ற ஏற்பாடு இங்கே இல்லை. ஆனால் எல்லோருக்கும் பணம் இருந்ததா? இல்லை. வீட்டு வேலைக்கு வந்தவர்களும் கட்டட வேலைக்கு வந்தவர்களும் கால்வாய் ஓரத்திலும் கண்ணம்மாப்பேட்டைப் பக்கமும் ஒதுங்கினார்கள். திட்டத்தில் அவர்களுக்கென்று மனை ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

தண்டவாளத்துக்கு மேற்கே கதை வேறு. திட்டத்துக்கு வெளியே வளர்ந்த மேற்கு மாம்பலத்தில் தெருக்கள் குறுகல், மனைகள் சிறிது, வாடகை குறைவு. கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் பேர்போன இடம் அது. குமாஸ்தாக்கள், பள்ளி ஆசிரியர்கள், சமையல் கலைஞர்கள், புரோகிதர்கள் அங்கே குடியேறினார்கள். கிழக்கே கார் ஷெட் வைத்த வீடு, மேற்கே ஒண்டுக் குடித்தனம். நடுவில் ஒரு லெவல் கிராசிங் தூரம்தான்.

வீடு எப்படி இருந்தது

1930-களின் தொடக்கத்தில் இங்கே எழுந்த வீடுகள் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் கூரை போட்டவை. அந்தக் கூரை போடும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சுவரின் மேல் தேக்கு உத்தரம், அதற்குக் குறுக்கே நெருக்கமாகச் சட்டங்கள். அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக்கொண்டே போவார்கள். அது இறுகியதும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு பதித்து, மழைநீர் ஓடச் சரிவு கொடுத்து முடிப்பார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் சட்டங்களுக்கு இடையில் சாய்வாகப் போகும் செங்கல் வரிசை தெரியும். மே மாதத்திலும் அந்த அறை தாங்கும்.

தேக்குக்கு விலை ஏறி, சிமெண்ட்டும் கம்பியும் பரவலானதும் வீட்டின் முகம் மாறியது. கான்கிரீட் வந்தால் தூண் இல்லாமலே பால்கனி நீட்டலாம், மூலையை வளைக்கலாம். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் தி.நகர் முழுக்க அந்த வளைவு பிடித்து ஆட்டியது. இதை ஆர்ட் டெகோ பாணி என்கிறார்கள். முன்பக்கம் அரைவட்டமாக வளையும் பால்கனி, அதைச் சுற்றி ஓடும் மூன்று கோடுகள், கப்பலில் இருப்பதுபோல ஒரு வட்ட ஜன்னல், மாடிப்படிக்கு மேலே கோபுரம்போல உயர்த்திய ஒரு பட்டைச் சுவர், இரும்பு கேட்டில் கதிர் விரியும் சூரியன். அந்தச் சூரியன் கட்சிச் சின்னம் ஆவதற்கு முன்பே பல கேட்டுகளில் உதித்துவிட்டது.

ஆனால் இந்த நவநாகரிக முகப்புக்குப் பின்னால் போனால் நம்ம ஊர் வீடுதான். திண்ணை சுருங்கி வராந்தா ஆகியிருக்கும். உள்ளே கூடம், பக்கத்தில் பூஜை அறை, பின்கட்டில் சமையல், கிணற்றடி, துவைக்கிற கல், வேலைக்காரர்கள் வர ஒரு பக்கவாட்டுச் சந்து. வாசலில் வெளிநாட்டு மோஸ்தரும் கொல்லையில் பழைய ஆசாரமும் ஒரே மனையில் சண்டையில்லாமல் இருந்தன. ஏரிப் படுகை என்பதால் கிணற்றில் தண்ணீர் சீக்கிரம் கிடைத்தது. அதே காரணத்தால் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்க, சுவரில் விரிசலும் விழுந்தது.

இந்த மாதிரி ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்க்க ஆசைப்பட்டால் திருமலைப் பிள்ளை சாலைக்குப் போகலாம். காமராஜர் வாடகைக்கு இருந்த வீடு அது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி அவர் உயிர் பிரிந்ததும் அங்கேதான். இப்போது நினைவில்லம். ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவில்லமும் இருக்கிறது. இரண்டும் யார் வாழ்ந்தார்கள் என்பதற்காகத் தப்பித்த வீடுகள். கட்டடக் கலைக்காகத் தப்பித்த வீடு என்று ஒன்றை இங்கே காட்டச் சொன்னால் நான் திணறிப்போவேன்.

பெரிய மனிதர்கள் பட்டியல் நீளம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடம்பாக்கத்தில் ஸ்டூடியோக்கள் வந்ததும் சினிமாக்காரர்கள் தி.நகருக்குக் குடிவந்தார்கள். சிவாஜி கணேசன் வீடு இருந்த போக் ரோடு இன்று அவர் பெயரில். டி.ஆர். ராஜகுமாரி பாண்டி பஜாரில் தன் பெயரிலேயே தியேட்டர் கட்டினார். சித்தூர் நாகையா முன்னின்று தொடங்கிய சபாவின் வாணி மகால் ஜி.என். செட்டி ரோட்டில் இருக்கிறது. என்.எஸ். கிருஷ்ணன் சிலையை 1969 பொங்கலன்று அண்ணா திறந்துவைத்தார், அடுத்த மாதம் அண்ணா காலமானார். தட்சிண பாரத இந்தி பிரசார சபாவின் வெள்ளி விழாவுக்காக 1946 ஜனவரியில் காந்தி இங்கே வந்தார். இந்தி பிரசார சபா, நீதிக்கட்சித் தெருக்கள், கம்யூனிஸ்ட் கட்சியின் பாலன் இல்லம், பா.ஜ.க.வின் கமலாலயம் எல்லாமே நடந்து போகிற தூரத்தில்.

கடை வந்த வழி

இனி ஆரம்பக் கேள்விக்கு வருவோம். கடைகள் பின்னால் வந்து புகுந்தவை என்று சொல்வதற்கு முதல் இடைஞ்சல் நல்லி. காஞ்சிபுரம் நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த சின்னசாமிச் செட்டியார் 1928-லேயே இங்கே கடை போட்டுவிட்டார். மனைகள் பாதிகூட நிரம்பாத காலம் அது. கல்யாணச் செலவு செய்யக்கூடிய குடும்பங்கள் எங்கே குடியேறுகின்றன என்று பார்த்துக் கடை வைத்திருக்கிறார். கெட்டிக்காரத்தனம். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம் நிலையம் சுற்று வட்டாரத்துக்கே வாசல் ஆனது. சர் தியாகராயா ரோட்டுக் கடைவீதி பாண்டி பஜார் ஆயிற்று. சுயமரியாதை இயக்கத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரால் வந்தது என்பது பரவலான வழக்கு. மளிகை, காப்பிக் கொட்டை, பாத்திரம், பூ என்று பேட்டைக்காரர்களுக்கான கடைத்தெருவாகத்தான் அது ரொம்ப நாள் இருந்தது.

புரட்டிப் போட்டது ரங்கநாதன் தெரு. மாம்பலம் நிலையத்துக்கும் உஸ்மான் ரோட்டுக்கும் நடுவே கிடக்கும் ஒரு குறுகிய குடியிருப்புத் தெரு. ரயிலை விட்டு இறங்குகிற அத்தனை பேரும் அதன் வழியாகத்தான் நடக்க வேண்டும். அத்தனை கால்களும் போகிற வாசலில் யார்தான் வீடாகவே வைத்திருப்பார்? முதலில் வாசல் திண்ணையில் ஒரு கடை. பிறகு முன்னறை கடையாகும், குடும்பம் மாடிக்குப் போகும். பிறகு முழு வீடும் வாடகைக்குப் போய்விடும். உரிமையாளர் வேறு இடத்தில் ஃப்ளாட் வாங்குவார். கடைசியில் வீட்டை இடித்து மாடி மாடியாகக் கட்டடம் எழும்பும். இந்த வரிசை மாறவே மாறாது.

1970-களில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து நாடார் வணிகர்கள் இங்கே பாத்திரக் கடையிலும் துணிக்கடையிலும் புது வியாபார முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சரவணா ஸ்டோர்ஸ் அதில் பெரிய பெயர். லாபத்தைக் குறைத்து விற்பனையைப் பெருக்குவது, பேரம் இல்லாத விலை, ஒரே கூரையின் கீழ் கரண்டி முதல் கட்டில் வரை. வெளியூரிலிருந்து வேன் பிடித்துக் கல்யாணச் சாமான் வாங்க வந்தார்கள். பனகல் பூங்காவைச் சுற்றியிருந்த பட்டுக்கடைகள் ஐயாயிரம் பத்தாயிரம் செலவழிப்பவர்களுக்கு என்றால், ரங்கநாதன் தெரு நூறு ரூபாயோடு வருபவரையும் ராஜா மாதிரி உள்ளே விட்டது. தி.நகர் கெட்டுப்போயிற்று என்ற பேச்சில் இந்தக் கூட்டத்தின் மீதான முகச்சுளிப்பும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

கடை பெருகப் பெருகச் சுற்றியுள்ள வீடுகளுக்கும் வேலை மாறியது. சில வீடுகள் கிடங்காயின. சில, தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் தங்கும் விடுதியாயின. காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே விற்பவர்கள் அவர்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-ல். நாற்காலிக்கே அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பின்னால் ஓடிய விதி

குடியிருப்பு மனையில் ஐந்து, ஆறு, ஏழு மாடிக் கடை எழும்பியது அனுமதியோடு நடந்ததா? பெரும்பாலும் இல்லை, அல்லது வாங்கிய அனுமதி ஒன்று, கட்டியது ஒன்று. மனையின் பரப்பைப்போல ஒன்றரை மடங்குதான் மொத்தத் தளங்களும் இருக்கலாம் என்பது அப்போதைய பொது விதி. நாலு பக்கமும் இடம் விட வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும், தீயணைப்பு வண்டி சுற்றிவர வழி வேண்டும். ரங்கநாதன் தெருவில் இதில் எது நடந்தது என்று போய்ப் பார்த்தாலே தெரியும்.

அரசு என்ன செய்தது? 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, விதிமீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்யத் தொடங்கியது. ஒருமுறை மட்டும் என்று சொல்லி ஆரம்பித்தது நீண்டுகொண்டே போக, 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் போதும் என்றது. இடிப்பும் சீல் வைப்பும் தொடங்கின. உடனே 2007-ல் நடவடிக்கையைத் தள்ளிப்போட ஓர் அவசரச் சட்டம் வந்தது. 2011 அக்டோபர் கடைசியில் ரங்கநாதன் தெருவிலும் சுற்றியும் இருந்த பல கட்டடங்களுக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. சீல் வைத்தது. அடுத்த பொங்கல் வியாபாரத்துக்குள் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவோடு கடைகள் திறந்துவிட்டன. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அந்த ஒன்றரை மடங்கை இரண்டு மடங்காக உயர்த்தின.

விதிமீறல் காகிதக் கணக்கு மட்டும் இல்லை என்று தீ காட்டிக்கொடுத்தது. 2008-ல் ரங்கநாதன் தெருவில் ஒரு பல மாடிக் கடையில் தீப்பிடித்து இருவர் இறந்தார்கள். 2017 மே 31 அதிகாலையில் தெற்கு உஸ்மான் ரோட்டில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று பிடித்து எரிந்தது. கடைச் சுவரில் ஜன்னல் வைத்தால் அலமாரி வைக்க இடம் போகும், ஏ.சி. குளிர் போகும் என்று நாலு புறமும் அடைத்துக் கட்டியிருந்ததால் புகை வெளியேற வழியில்லை, வீரர்கள் உள்ளே நுழையவும் முடியவில்லை. சுவரைத் துளைத்துத் தண்ணீர் அடிக்க வேண்டியிருந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து, மிச்சத்தை இடித்துத் தள்ளினார்கள். கடை திறந்திராத நேரம் என்பதால் பெரிய உயிர்ச்சேதம் இல்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு மாலை ஆறு மணி என்று வைத்துப் பாருங்கள்.

குடியிருப்புப் பக்கமும் சத்தமில்லாமல் இதே மாற்றம். ஒரு வளைந்த பால்கனி வீடு, நாலைந்து வாரிசுகள், பாதிப் பேர் வெளிநாட்டில். பில்டர் வருவார், ஆளுக்குப் பாதி என்று பேசுவார். நிலம் இவர்களுடையது, கட்டுமானச் செலவு அவருடையது, முடிந்ததும் ஃப்ளாட்டுகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பாகப் பிரிவினைச் சண்டைக்கு இதைவிடச் சுமுகமான தீர்வு கிடையாது. வாரிசுகளை நான் குறை சொல்ல மாட்டேன். பழைய வீட்டை வைத்துக் காப்பாற்றினால் அவர்களுக்கு என்ன சலுகை என்று நகரம் எதையும் சொல்லவில்லை.

தண்ணீர் மட்டும் மறக்கவில்லை

ஏரியிலிருந்து மிச்சமானது மாம்பலம் கால்வாய். நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து தி.நகரை ஊடுருவி நந்தனம் அருகே அடையாற்றில் சேருகிறது. சுற்றுப்புற மழைநீர் முழுவதும் இந்த ஒரே வடிகாலை நம்பியிருக்கிறது. ஓரமெல்லாம் நெருக்கிக் கட்டி, சாக்கடையைத் திருப்பிவிட்டு, இடிபாட்டைக் கொட்டி அதைச் சுருக்கிவிட்டோம். 2015 டிசம்பரில் அடையாறே நிரம்பி ஓடியதால் வடிகால் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் 2021 நவம்பரில் ஜி.என். செட்டி ரோடும் விஜயராகவா ரோடும் நாள்கணக்கில் முழங்கால் தண்ணீரில் நின்றதற்குக் கால்வாயின் நிலைமைதான் முக்கிய காரணம். அதே பேட்டையில் ஸ்மார்ட் சிட்டிப் பணத்தில் கிரானைட் நடைபாதை போட்டு இரண்டே வருடம் ஆகியிருந்தது.

அந்த நடைபாதையைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம், நடக்கிறவர்களுக்காகச் சாலையின் பெரும்பகுதியை ஒதுக்கிய அபூர்வமான வேலை. மாலை நேரத்தில் பெஞ்சில் குடும்பமாக உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்கிறார்கள். இதற்கு முன்பு அதே நடைபாதையில் பிழைத்துக்கொண்டிருந்த தரைக்கடைக்காரர்களை 2013-ல் ஒரு மாடிக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். நடக்கிறவரின் கண்ணில் படாத முதல் மாடியில் சீப்பும் ஹேர்பின்னும் எப்படி விற்கும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

2023 மே மாதம் மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து சுமார் 570 மீட்டர் ஆகாய நடைமேடை திறந்தார்கள். இப்போது ரங்கநாதன் தெருவுக்குள் நுழையாமலே போக மேலே ஒரு பாதை உண்டு. பஸ் பிடிக்கிற அவசரத்தில் இருப்பவர் மேலே போகிறார், வாங்க வந்தவர் கீழே போகிறார்.

அடுத்தது பனகல் பூங்காவின் அடியில் வரும் மெட்ரோ. கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கும் தடத்தில் அது ஒரு நிலையம். மாம்பலம் நிலையத்தின் ஒரு வாசல்தான் ரங்கநாதன் தெருவை உண்டாக்கியது. அப்படியென்றால் புதிய நிலையத்தின் வாசல்கள் எந்தத் தெருக்களில் திறக்கின்றன, அந்தத் தெருக்களில் இன்னும் நிற்கிற வீடுகள் எத்தனை, அங்கே எத்தனை மாடிக் கடைக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை ரயில் ஓடுவதற்கு முன்னால் மாநகராட்சியும் சி.எம்.டி.ஏ.வும் உட்கார்ந்து எழுதிவிடலாம். கடைக்காரர்கள் இந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டு முடித்திருப்பார்கள்.